பனிஹாலில் ஒரு பனி வாரம்

தமிழில் பனி என்னும் ஒரே சொல்லால் நாம் பலவற்றைக் குறித்து வருகின்றோம். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. தை மாதத்துக் காலையில் எதிரே வரும் ஆளை மறைக்கும் மூட்டமும் பனி. உதகையில் உருளைக்கிழங்குச் செடியைக் கருக்கிவிடும் வெள்ளைப் படிவும் பனி. ஆண்டில் நான்கு மாதங்களுக்கு முன்பனி, பின்பனி என்று அதன் பெயரையே சூட்டியும் வைத்திருக்கின்றோம். ஆனால் வானத்திலிருந்து பஞ்சுத் துகள் போல ஓசையின்றி இறங்கி, கூரையையும் சாலையையும் தண்டவாளத்தையும் ஒரே வெள்ளையாக மூடிவிடும் பனியை நம்மவரில் கண்டவர் சிலரே. உத்தியோக நிமித்தமாக அதன் நடுவே ஒரு வாரம் அகப்பட்டுக்கொண்ட அனுபவத்தை, வெளியூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால் இங்கே எழுதத் துணிகின்றோம். நாம் எழுத்தாளர் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தோம். குற்றங் குறைகளை அன்பர்கள் பொறுத்தருள்க.

ஊரும் அதன் இடமும்

பனிஹால் என்பது ஜம்மு காஷ்மீரத்தின் ராம்பன் மாவட்டத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரின் தென் அடிவாரத்தில் உள்ள சிற்றூர். காஷ்மீரி மொழியில் இப்பெயருக்குப் பனிப்புயல் என்று பொருள் கூறுவர். நம் தமிழ்ப் பனிக்கும் அதற்கும் உறவு ஏதுமில்லை. ஓசை ஒத்திருப்பது தற்செயலே. ஆயினும் மாற்றல் உத்தரவில் இப்பெயரைப் படித்தபோது, “பெயரிலேயே பனி இருக்கிறதே!” என்று நம் இல்லாள் சொன்னது பொய்க்கவில்லை.

கடல் மட்டத்திற்கு மேல் இவ்வூர் ஏறத்தாழ 1700 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகையோ 2200 மீட்டருக்கும் மேற்பட்டது. “உயரமான ஊட்டியில் பெய்யாத பனி இங்கே மட்டும் ஏன் பெய்கிறது, அப்பா?” என்று எட்டு வயதுப் புதல்வி ஒரு நாள் வினவினாள். உதகை பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகையில் இருக்கின்றது. பனிஹால் 33 பாகையில் இருக்கின்றது. அன்றியும், குளிர்காலத்தில் மத்தியதரைக் கடற்பக்கம் தோன்றி, ஈரான், ஆப்கானிஸ்தானம் வழியாகக் கிழக்கு நோக்கி வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் இம்மலைகளில் மோதித் தம் ஈரத்தைப் பனியாக இறக்கிவிடுகின்றன. நம் நாட்டுக்கு ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடல் மேகம் எப்படியோ, இந்நாட்டுக்குக் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று அப்படி.

மலைக்கு அப்பால் காஷ்மீரப் பள்ளத்தாக்கு. முற்காலத்தில் 2800 மீட்டருக்கு மேற்பட்ட பனிஹால் கணவாயின் மீதேறித்தான் அங்கே செல்ல வேண்டும். குளிர்காலத்தில் அவ்வழி பனியால் அடைபட்டுவிடும். 1956ஆம் ஆண்டில் ஜவாகர் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதும் மோட்டார் வண்டிகள் மலையைத் துளைத்துச் செல்லலாயின. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அதற்கும் கீழே குடையப்பட்ட 11.2 கிலோமீட்டர் நீள ரயில் சுரங்கம் திறக்கப்பட்டது. பனிஹாலில் ஏறுபவர் பத்து நிமிட இருட்டைக் கடந்து காஸிகுண்டுப் பக்கம் வெளிப்படுவர். நாம் 2023 அக்டோபரில் இங்கு மாற்றலாகி வந்தபோது, பாராமுல்லாவிலிருந்து வரும் வண்டிகள் பனிஹாலோடு நின்றன. தெற்கே செல்வோர் சாலை வழியே போக வேண்டும். அதனால் சாலை அடைபட்டால் ஊரே தீவாகிவிடும் நிலைமை இருந்தது.

பனிக்கு ஏங்கிய ஊர்

காஷ்மீரிகள் தம் குளிரை நாள் எண்ணிக் கணக்கிடுகின்றனர். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் ‘சில்லாய் கலான்’, அதாவது பெருங்குளிர். அடுத்த இருபது நாள் ‘சில்லாய் குர்த்’, சிறுகுளிர். அதன்பின் பத்து நாள் ‘சில்லாய் பச்சா’. குளிர்க் குஞ்சு என்று நாம் தமிழில் சொல்லலாம். ஆக எழுபது நாட்கள்.

அவ்வாண்டு பெருங்குளிர் பிறந்தது; பனி மட்டும் வரவில்லை. 2024 சனவரி பெரும்பகுதியும் பள்ளத்தாக்கு வறண்டு கிடந்தது. பனிச் சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்பெற்ற குல்மார்க்கிலேயே புல்லும் மண்ணும் தெரிந்தன. நமக்கோ உள்ளூர மகிழ்ச்சி. “கடவுள் புண்ணியத்தில் இந்த வருஷம் தப்பித்தோம்” என்று இல்லாளிடம் கூறினோம்.

அண்டை வீட்டில் வயது முதிர்ந்த தம்பதியர் வசிக்கின்றனர். முதியவருக்கு ஊருக்கு மேலே சரிவில் சிறு நிலமும் சில வாதுமை மரங்களும் உண்டு. அவர் நாள்தோறும் காலையில் வாசலில் நின்று மேற்கு வானத்தையே நோக்குவார். பிறகு தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். நான்கைந்து நாள் இதைக் கண்ட பிறகே அந்தப் பார்வையை முன்பே எங்கோ கண்டிருக்கின்றோம் என்பது நினைவுக்கு வந்தது. விருதுநகர்ப் பக்கத்துக் கரிசற் காட்டில், ஐப்பசி பிறந்தும் மழை இறங்காத நாட்களில், நம் தந்தையார் திண்ணையில் நின்று பார்த்த பார்வை அல்லவா அது!

அன்றுதான் கேட்டு அறிந்தோம். பெருங்குளிர் நாளில் விழும் பனி இறுகி, மலைமேல் நெடுநாள் தங்கும். சித்திரை, வைகாசியில் சிறிது சிறிதாக உருகி ஓடையாகவும் ஊற்றாகவும் வரும். நெல்லும் ஆப்பிளும் அந்த நீரை நம்பியே உள்ளன. ஜீலம் நதி பிறக்கும் வெரிநாக் ஊற்று இதே மலையின் மறுபக்கத்தில்தான் உள்ளது. நமக்குக் கண்மாய் எதுவோ அதுவே இவர்களுக்கு மலைமுடிப் பனி. கண்மாய் நிரம்பவில்லையே என்று ஊர் கலங்கி நிற்க, நாம் மட்டும் மகிழ்ந்திருந்தது வெட்கத்தைத் தந்தது.

காற்று வந்தது

சனவரி இறுதியில் ஒரு பிற்பகல் மேற்கு வானம் சாம்பல் நிறமாயிற்று. முதல் நாள் பனி இல்லை, காற்றே வந்தது. இரு மலைகளுக்கு இடையே நெருக்குண்டு வரும் காற்றாதலால் அதன் வேகமும் ஊளையும் சொல்லி முடியாதவை. தகரக் கூரை இரவு முழுவதும் படபடத்தது. புதல்வி போர்வைக்குள் புகுந்து நம் கையை விடாமற் பற்றிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் கண் விழித்தபோது காற்று நின்றிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. சன்னலைத் திறந்தால் உலகமே வெண்மை. வாசலில் முதியவர் கையை நீட்டி அதில் விழும் துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், “ஷீன் முபாரக், பாபுஜி!” என்றார். ஷீன் என்றால் காஷ்மீரியில் பனி. பனி விழுந்தால் பண்டிகை போல ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்வது இந்நாட்டு வழக்கம். மழை பெய்ததற்கு வாழ்த்துச் சொல்லும் வழக்கம் நம் கரிசற் காட்டில் இருந்திருந்தால், நம் தந்தையாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

மூன்றாம் நாள் பனி முழங்கால் அளவாயிற்று. மின்சாரம் நின்றது. குழாய் நீர் உறைந்தது. நெடுஞ்சாலை மூடப்பட்டதாகச் செய்தி வந்தது. காய்கறிக் கடைகளில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தவிர வேறொன்றும் இல்லை. நம் வீட்டிலோ பால் மாவும் சிறிதே இருந்தது.

அண்டை வீட்டு அம்மையார், நம் இல்லாள் ‘பாஜி’ என்று அழைப்பவர், அன்று மாலை ஒரு முறத்தைக் கொண்டுவந்தார். அதில் சுரைக்காய், கத்தரிக்காய், தக்காளி எல்லாம் சுருங்கிக் காய்ந்து கிடந்தன. இவற்றைக் கோடையில் அறுத்து, நூலில் கோத்துத் தொங்கவிட்டு உலர்த்திக் குளிர்காலத்திற்கென்று வைத்துக்கொள்கின்றனர். நம் இல்லாள் அதைக் கண்டு சிரித்தபடியே உள்ளே சென்று, ஊரிலிருந்து கொண்டுவந்த சுண்டைக்காய் வற்றலையும் கத்தரி வற்றலையும் எடுத்து வந்து முறத்தில் வைத்தாள். அம்மையார் ஒரு கத்தரி வற்றலை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு இருவரும் மொழி தெரியாமலே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். சித்திரை வெயிலில் மாடியில் வற்றல் காயவைக்கும் நம் அன்னையரும், பனிக்கு அஞ்சிக் காய் உலர்த்தும் இவ்வன்னையரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போலும்!

நான்காம் இரவு

இனி எழுதப்போவதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினோம் என்று சொன்னாலும் தவறில்லை.

நான்காம் நாள் மாலை மீண்டும் காற்று எழுந்தது. இம்முறை பனியும் காற்றும் ஒன்று சேர்ந்து வந்தன. சன்னல் இடுக்குகளில் பனித் தூள் புகுந்து அறைக்குள்ளேயே விழுந்தது. மின்சாரம் இல்லாததால் மின்கணப்பும் இல்லை. நாம் பழைய துணிகளைக் கிழித்துச் சன்னல் இடுக்குகளிலும் கதவின் அடியிலும் அடைத்தோம். கடைவீதியில் வாங்கி வைத்திருந்த இரும்புக் குமுட்டியில் கரி போட்டு, வெளியே வைத்து மூட்டி, புகை அடங்கிக் கரி சிவந்ததும் படுக்கை அறைக்குள் கொண்டுவந்து வைத்தோம். புகைதான் கெடுதல், புகையில்லா நெருப்பால் தீங்கில்லை என்பது நம் எண்ணம். அறை இதமாயிற்று. மூவரும் உறங்கிப்போனோம்.

நள்ளிரவுக்குப் பின் புதல்வி வாந்தி எடுக்கும் ஓசை கேட்டு விழித்தோம். நமக்கும் தலையைப் பிளப்பது போன்ற வலி. இல்லாள் எழுந்து இரண்டடி வைத்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உண்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தோம். அண்டை வீட்டில் இஞ்சியோ வெந்நீரோ கேட்கலாம் என்று தள்ளாடியபடி சென்று கதவைத் தட்டினோம். தலைவலி, வாந்தி, மயக்கம் என்று சொன்னதுதான் தாமதம். அம்மையார் இஞ்சியையும் எடுக்கவில்லை, வெந்நீரையும் எடுக்கவில்லை. நம்மைத் தள்ளிக்கொண்டு நம் வீட்டுக்குள் ஓடினார். குமுட்டியைக் கண்டார். சன்னலில் அடைத்த துணிகளைப் பிடுங்கி எறிந்து கதவுகளை விரியத் திறந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனி வீசும் தாழ்வாரத்திற்கு வந்துவிட்டார். முதியவர் இல்லாளைத் தாங்கி வந்தார். அந்தக் கடுங்குளிர்க் காற்றை மூவரும் வாய் திறந்து விழுங்கினோம். எந்தக் காற்றுக்கு அஞ்சி இடுக்கெல்லாம் அடைத்தோமோ அந்தக் காற்றே அன்று உயிரைத் தந்தது.

சற்று நேரம் கழித்துக் குழந்தை கண் திறந்து, “பாட்டி” என்றாள். அதன் பிறகே அம்மையார் நம்மைப் பார்த்து, “காற்றுக்குப் பயந்தாய், மகனே, கரிக்குப் பயப்படவில்லையே!” என்றார். அதில் கடுமையும் இருந்தது, கண்ணீரும் இருந்தது.

மறுநாள் காலை முதியவரின் புதல்வர் குழந்தையைத் தோளில் சுமந்து, இடுப்பளவு பனியில் வழி மிதித்து முன்னே நடக்க, ஊர் மருத்துவமனைக்குச் சென்றோம். குழந்தைக்குச் சிறிது நேரம் பிராணவாயு அளித்தனர். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கரி சிவந்து புகையடங்கிய பிறகும் அது வந்துகொண்டே இருக்கும். இரத்தம் பிராணவாயுவைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக அதைப் பற்றிக்கொள்ளும். பின்னர் பிராணவாயுவுக்கு இடமிராது. விழித்திருப்பவனுக்குத் தலைவலியும் குமட்டலும் எச்சரிக்கை தரும். உறங்குபவனுக்கு எச்சரிக்கையே இல்லை. குழந்தை வாந்தி எடுத்து எழுப்பியதால் பிழைத்தோம்.

“அப்படியானால் இவ்வூரார் எல்லோரும் காங்கிடி வைத்திருக்கிறார்களே?” என்று கேட்டோம். காங்கிடி என்பது பிரம்புக் கூடைக்குள் பொதிந்த மண்சட்டி. அதில் கரித்தணலைச் சாம்பலால் மூடி, ‘பெரன்’ என்னும் நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொள்வர். சிறு தணல், மேலே சாம்பல், உள்ளேயும் வெளியேயும் நடமாடும் மனிதர் என்று அதற்கு முறை உண்டு. உறங்கும் முன் அதைக் காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுவர். அப்படியும் ஆபத்து நேர்ந்த வீடுகள் உண்டென்றும், காங்கிடியை நெடுங்காலம் தோலோடு ஒட்டி வைப்பவருக்கு அவ்விடத்தில் புற்றுநோய் வருவதுண்டென்றும் மருத்துவர் கூறினார். பழகியவருக்கே இவ்வளவு கவனம் தேவையென்றால், வந்தேறிய நாம் முறை அறியாமல் அறையை அடைத்துக்கொண்டு கரி மூட்டியது எத்தகைய பேதைமை!

சாலையோரத்துத் தமிழர்

ஆறாம் நாள் அலுவலுக்குச் சென்றோம். தண்டவாளத்தில் இரவு விழுந்த பனியை வாரிய பின்னரே முதல் வண்டி நகர்ந்தது. பாதைப் பணியாளர்கள் விடியுமுன் மண்வெட்டியுடன் இறங்கி, பாயிண்டுகளுக்கு இடையே இறுகிய பனியைக் கொத்தி எடுத்தனர். சாலை அடைபட்டதால் பள்ளத்தாக்குக்குச் செல்வோர் அனைவரும் நிலையத்தில் வந்து குவிந்தனர். பயணச்சீட்டுச் சாளரத்தில் அன்று கை ஓயவில்லை.

நடுப்பகலில், தலையில் துண்டு சுற்றிய இருவர் சாளரத்தின் முன் வந்து இந்தியில் தடுமாறினர். அவர்கள் தமக்குள் பேசியது காதில் விழுந்தது.

“எந்த ஊர் தம்பி?” என்றோம்.

அவர்கள் திகைத்துப் போயினர். “அண்ணா, நீங்க தமிழுங்களா? நாங்க நாமக்கல்லுங்க. லாரி மூணு நாளா ரோட்டுலயே நிக்குதுங்க” என்றனர்.

“ராத்திரி குளிருக்கு என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டோம்.

“கேபினுக்குள்ள அடுப்பப் பத்த வச்சுக் கண்ணாடிய ஏத்தி விட்டுக்கறோமுங்க.”

நமக்கு உடல் நடுங்கியது. பணி முடிந்ததும் இல்லாள் வைத்த மிளகு ரசத்தையும் சோற்றையும் தூக்கில் எடுத்துக்கொண்டு, லாரிகள் நின்ற இடத்திற்கு நடந்தோம். முந்தைய இரவுக்கு முந்தைய இரவு நம் வீட்டில் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் அவர்களுக்குச் சொன்னோம். அடுப்பை வெளியே வைத்துச் சமைத்து, அணைத்துவிட்டு, போர்வையோடும் சிறிது இறக்கிய கண்ணாடியோடும் உறங்குவதாக வாக்களித்தனர். பக்கத்து லாரிகளிலிருந்த பஞ்சாபியருக்கும் அவர்களே சென்று கைச்சாடையால் விளக்கினர். ரசம் ஒரு சொட்டும் மிஞ்சவில்லை.

ஏழாம் நாள்

ஏழாம் நாள் வெயில் வந்தது. கண் கூசியது. வெளியே விளையாட ஓடிய புதல்வியை முதியவர் தடுத்து, கூரையின் ஓரத்தைச் சுட்டிக்காட்டினார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கூரையிலிருந்த பனி முழுவதும் ஒரே பாளமாகச் சரிந்து வாசலில் விழுந்தது. “பெய்யும் நாளைவிட வெயில் வரும் நாளில்தான் பனிக்குக் கோபம் அதிகம்” என்றார். மலைச்சரிவுகளிலும் அவ்வாறே. 2005 பிப்ரவரியில் இம்மலைக்கு அப்பால் குல்காம் பகுதியிலுள்ள வால்டெங்கு நாட் என்னும் சிற்றூர் பனிச்சரிவில் புதையுண்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட கதையை அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். பனி அவருக்கு வாழ்வு; அதற்காக அவர் அதனிடம் அச்சத்தை விட்டுவிடவில்லை.

“கண்மாய் நிரம்பியதா?” என்று தமிழ்ச் சொல்லையே வைத்துக் கேட்டோம். முன்பே அதன் பொருளைச் சொல்லியிருந்தோம். அவர் மலையை அண்ணாந்து பார்த்து, “பெருங்குளிர் முடியும் நேரத்தில் வந்த பனி, அதிகநாள் தங்காது. ஆனாலும் வெறுங்கையாகப் போகவில்லை” என்றார். சித்திரை மாதத்தில் ஊரையொட்டி ஓடும் பிஷ்லரி ஆற்றில் நீர் பெருகியபோது, அவர் நம்மை அழைத்துச் சென்று அதைக் காட்டினார்.

அவ்வாரம் கழிந்து சில நாட்களில், 2024 பிப்ரவரி 20 அன்று, பனிஹாலிலிருந்து தெற்கே சங்கல்தான் வரை ரயில் ஓடலாயிற்று. 2025 ஜூன் 6 அன்று, ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரமுள்ள செனாப் பாலத்தின் வழியே கத்ராவோடும் இணைப்பு ஏற்பட்டுவிட்டது. சாலை அடைபட்டால் தீவாகும் நிலை இப்போது இல்லை. நம் தமிழ் அன்பர்கள் பலரும் இனி இவ்வழியே பனி காண வருவர். சிலர் உத்தியோகத்திற்கும் வருவர்.

வருவோர்க்கும், சிம்லா, டேராடூன், கேங்டாக் முதலிய குளிர்ப் பிரதேசங்களில் ஏற்கெனவே வாழ்வோர்க்கும் நம் விண்ணப்பம் இதுவே. கரியடுப்போ விறகடுப்போ உறங்கும் அறையில் வைக்க வேண்டா. புகைக்குழாய் உள்ள கணப்பாயின், அதன் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே மூட்டுங்கள். எவ்வளவு குளிராயினும் சன்னலில் இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். வீட்டில் ஒரே நேரத்தில் பலருக்குத் தலைவலியும் குமட்டலும் கண்டால் உணவைக் குறை கூறாமல் உடனே வெளியே வாருங்கள். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, புது ஊருக்குச் சென்ற முதல் வாரத்திலேயே அண்டை வீட்டுக் கதவைத் தட்டிப் பழகிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் தட்ட வேண்டி நேரும்போது அக்கதவு உடனே திறக்கும்.

நம் சமையலறையில் இப்போது இரண்டு ஜாடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் சுண்டைக்காய் வற்றல். மற்றொன்றில் பாஜி உலர்த்தித் தந்த சுரைக்காய். சுரைக்காய் வற்றலில் வைத்த புளிக்குழம்பு மிக நன்றாக இருக்கின்றது என்பதையும் அன்பர்களுக்குத் தெரிவித்து விடைபெறுகின்றோம்.